கழுவாத டம்ளர்

கைக்குழந்தையோடு அவள் அந்த வீட்டுக்குள் நுழைந்த அன்று மழையா, வெயிலா என்பது எனக்குச் சரியாகத் தெரியாது. சொன்னவர்களும் மாற்றி மாற்றித்தான் சொன்னார்கள். அந்த வாடையைப் பற்றி மட்டும் யாரும் மாற்றிச் சொல்லவில்லை.

மாமியார் அலமாரியிலிருந்து ஒரு வெள்ளி டம்ளரை எடுத்து வந்தாள். விளிம்புக்குக் கீழே பெயர் வெட்டியிருந்தது. மாமனாரின் தாத்தா பெயர். பிறகு தலைச்சன் பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான். அவள் புருஷனுக்கும் அதுதான். அந்தப் பெயர்க்காரர்கள் முதல் வாய்ப் பாலை அதில்தான் குடித்தார்கள். செத்தவர்களுக்குக் கடைசி வாய்த் தண்ணீரும் அதில்தான்.

அவள் எட்டிப் பார்த்தாள். அடியில் விரற்கனத்துக்குப் பழுப்பாக ஒரு படிவு. விளிம்பில் பிசுக்கு. திரிந்த பால் வாடை. அதற்கும் அடியில், படுக்கையில் கிடந்து செத்தவர்களின் வாய் வாடை.

"இதைக் கழுவவே மாட்டீங்களா அத்தை?"

"கழுவினா பேர் போயிடும்மா."

"நான் வேற பேர் நினைச்சு வச்சிருக்கேன்."

"உங்க வீட்ல ஆளுக்கொரு பேரு. எங்களுக்கு ஒண்ணே போதும், இன்னும் கிழியலை" என்று சிரித்தாள் மாமியார். "உன் மாமனார் இருந்தவரைக்கும் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரலை. இப்ப மகனைக் கூப்பிட்டு ஆசை தீர்த்துக்கறேன். நாளைக்குப் பேரனையும் கூப்பிடுவேன்."

புருஷன் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ஒரு மடக்குதானே, குடுத்துடேன். காலைல போய்ப் பேரைப் பதிஞ்சுட்டு வந்துடறேன்."

ஏழு மாதம் அசையாமல் படுத்துக் கிடந்து பெற்ற பிள்ளை. அந்த ஏழு மாதமும் மனசுக்குள் ஒரே பெயரால் அவனைக் கூப்பிட்டிருந்தாள். அந்தச் சின்ன வாயில் இந்த டம்ளர் படக் கூடாது.

மத்தியானம் மாமியார் கண்ணயர்ந்ததும் டம்ளரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுக் கம்பி நாரால் தேய்த்தாள். படிவு தோலைப் போல முழுசாக உரிந்து கையில் விழுந்தது. அதில் உதட்டு வரிகள். ஒன்றின் மேல் ஒன்றாக, அடுக்கடுக்காக.

வெதுவெதுப்பாக இருந்தது.

அது சப்புக்கொட்டியது.

உதறிவிட்டுத் தண்ணீரைத் திறந்தாள். தொட்டியின் துளை அதை மெதுவாக விழுங்கியது. டம்ளரில் எழுத்து இல்லை, மழமழவென்று இருந்தது.

உள்ளறையிலிருந்து மாமியார் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

"என்னங்க, அத்தை கூப்பிடறாங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "யாரை?"

மாமியார் மறுபடி கூப்பிட்டாள்.

"ம்."

தொட்டிலிலிருந்து வந்தது. சளி கட்டிய, கிழட்டு "ம்".

ஓடிப்போய்க் குனிந்தாள். குழந்தை வாயைத் திறந்தது. நாக்கு நிறையப் பழுப்பாக ஒரு படிவு.

மாமியார் மறுவருஷம் போய்ச் சேர்ந்தாள். சாகும்வரை எத்தனை முறை கூப்பிட்டும் மகன் அந்தப் பெயருக்குத் திரும்பவில்லை. கையெழுத்துப் போடும் இடம் வந்தால் இன்றும் பேனாவைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டே நிற்கிறான். பையன் பள்ளிக்கூடம் போகிறான். பதிவேட்டில் இருப்பது அம்மாக்காரி நினைத்து வைத்திருந்த பெயர்தான். அந்தப் பெயரைச் சொன்னால் அவன் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் பார்க்கிறான். தினமும் காலையில் அவள் அவன் நாக்கை வழித்துவிடுகிறாள். மறுநாள் மறுபடி இருக்கிறது.

டம்ளர் அலமாரியில் கவிழ்ந்து கிடக்கிறது. யாரும் அதில் குடிப்பதில்லை. விளிம்பு மட்டும் காய்வதேயில்லை.