கடைசிக் கொக்கி

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவின் நெஞ்சில் காதை வைத்துப் படுத்துக்கொள்வது மகளின் வழக்கம். அன்று படுத்தவள் வெடுக்கென்று தலையைத் தூக்கினாள்.

"அம்மா, உனக்குள்ள யாரோ ஓடுறாங்க."

"உன் வீட்டுப்பாடத்தப் பாத்து பயந்து ஓடுறாங்களோ என்னமோ" என்று அவள் சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. அவளுக்கும் கேட்டது. வெறுங்கால்கள் தரையில் தபதபவென்று ஓடுகிற சத்தம்.

அவள் துணிக்கடையில் விற்பனைப் பெண். அதற்குச் சில வாரம் முன்னால் புது மேலாளர் கொடுத்த சீருடை அவளுக்கு முதுகில் சேரவில்லை. "இதுக்கு மேல பெரிய அளவு கிடையாதும்மா. மாசக் கடைசிக்குள்ள போட்டுக் காட்டுங்க. இல்லேன்னா கிடங்குக்குப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டார். ஜன்னலில்லாத அந்தக் கிடங்குக்குப் போன யாரும் வேலையில் நிலைத்ததில்லை.

அப்போது கூட வேலை பார்க்கும் சிட்டுதான் ஒரு மாத்திரை டப்பாவைக் கையில் திணித்தாள். "ஆன்லைன்ல வாங்கினது, அக்கா. பசியே எடுக்காது. நான் திங்கல?"

டப்பாவின் மேல் பெயரில்லை. உள்ளே என்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை.

பசி போனது. பின்னாலேயே தூக்கமும் போனது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. துணி மடிக்கும்போது விரல்கள் தாமாக ஆடின. "இன்னும் இளைச்சா வீட்ல ஃபேன் போட முடியாதுடி, பறந்துடுவே" என்று பஸ் ஓட்டும் கணவன் கேலி செய்தான். சீருடையின் முதுகுக் கொக்கிகள் கீழிருந்து ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு வந்தன. கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி.

மருந்துக்கடைக்காரர் மாத்திரையைப் புரட்டிப் பார்த்தார். "பேரே இல்லாததயா வாயில போடுறீங்க? நெஞ்சு படபடப்பு வேறங்கிறீங்க. இன்னியோட நிறுத்திட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா."

"சரிங்கண்ணே" என்றாள். சரி என்று சொன்ன அதே வாயில்தான், வீட்டுக்கு வந்து இரண்டு மாத்திரையாகப் போட்டுக்கொண்டாள். அவளைத் திட்டாதீர்கள், கண்ணுகளா. விடிந்தால் மாசக் கடைசி. முழுகுகிறவளுக்குத் துரும்பும் தெப்பம்தானே.

இருட்டத் தொடங்கியிருந்தது. மகள் தன் அறையில் படித்துக்கொண்டிருந்தாள். அடுக்களையில் ஈரத்துணி வாடையும், ஃபிரிட்ஜின் முனகலும், குழாயிலிருந்து பாத்திரத்தில் சொட்டுகிற தண்ணீரின் ஓசையும் ஒன்றோடொன்று கலந்து கிடக்க, அவற்றுக்கெல்லாம் அடியில் அந்தக் கால்கள் கதவே இல்லாத நீண்ட கூடத்தில் மாட்டிக்கொண்டது போல முட்டித் திரும்பி, முட்டித் திரும்பி ஓடிக்கொண்டிருந்தன. சீருடையோடு நின்றவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வளைத்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள். கொக்கி நழுவியது. மறுபடியும் இழுத்தாள்.

கால்கள் இன்னும் வேகமாக ஓடின. விலா எலும்புகளை உள்ளிருந்து யாரோ ஒவ்வொன்றாகத் தடவினார்கள். வழி தேடுகிற விரல்கள்.

"போயிடு" என்று கெஞ்சினாள். "என்ன விட்டுட்டு எங்கயாவது போயிடு."

கொக்கி மாட்டிக்கொண்டது.

ஓட்டம் நின்றது.

அப்பாடா! எத்தனை நாளாயிற்று இப்படி ஓர் அமைதி. கண்ணில் நீர் முட்டியது. நெஞ்சில் கை வைத்தாள்.

ஒன்றுமில்லை.

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. முழங்கால் மடிந்தது. கன்னத்தில் தரையின் சில்லிப்பு.

அப்போது கேட்டது. வெளியே. அவளுக்கு வெளியே. அதே வெறுங்கால்கள். அடுக்களையைத் தாண்டின. கூடத்தைத் தாண்டின. மகளின் அறைப் பக்கம்.

கத்த வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை.

அறைக்கதவு கிரீச்சிட்டது.

"மெதுவா வாம்மா. ஏன் இப்படி ஓடி வர்றே?" மகளின் குரல். பிறகு சந்தோஷமாக ஒரு சிரிப்பு.

"ஐ! எவ்வளவு ஒல்லியாயிட்டே!"

உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.