வீட்டுக்காரர் பெயர்

வந்திருந்தது இரண்டு பேர். இலை போட்டிருந்தது மூன்று.

பினாங்கு குயின் தெரு விடுதியில் முதல் சாப்பாட்டுக்கு உட்காரப் போனபோதே சுப்பையாவின் கண்ணில் அதுதான் பட்டது. சுவரோரம் அவன் பெண்டாட்டி வடிவம்மாளுக்கு ஒரு இலை, அதை ஒட்டி, விரல் நுழைய இடமில்லாமல், புதுமாப்பிள்ளைக்குப் போடுகிற மாதிரி இன்னொரு இலை. இரண்டிலும் தண்ணீர் தெளித்து உப்பும் ஊறுகாயும் வைத்தாயிற்று. சுப்பையாவின் இலை மட்டும் வாசற்படிப் பக்கம் தனியாகக் கிடந்தது.

"யாருக்கு இது?" என்றான்.

விடுதிக்காரி லெட்சுமி சோற்றுக் கரண்டியோடு திகைத்து நின்றாள். "மூணு பேருன்னுதானே பஷீர் சொன்னாரு? தங்கச்சி, அதோட வீட்டுக்காரரு, அண்ணன். நீங்க அண்ணன்தானே, தம்பி?"

அண்ணனாம்! தாலி கட்டியவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? சுப்பையாவுக்குச் சுர்ரென்று ஏறியது. யாருக்கும் ஏறத்தான் செய்யும். ஆனால் இவனுக்கு ஏறினால் லேசில் இறங்காது. நாகப்பட்டினத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறவன், கை தாராளம், மனசும் மோசமில்லை. சந்தேகம் என்கிற ஒன்றுதான் அவனைப் பிடித்த சனி. தயிர்க்காரனிடம் வடிவு சில்லறை வாங்கினால் விரல் பட்டதா என்று பார்க்கிற ஆள். அவன் பெண்டாட்டியோடு கப்பலேறியதே வீம்புக்குத்தான். சகலை கொழும்புக்குப் போய்வந்து அளந்த அளப்பு பொறுக்காமல், "நான் பினாங்கையே காட்டுறேன் பாரு" என்று கிளம்பிவிட்டான். கப்பலில் வழி நெடுக அவளைப் பலகைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்துக்கொண்டு வந்தான் என்பது வேறு விஷயம்.

பஷீரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கப்பலடிக்குப் போய் விடுதிக்கு ஆள் அழைத்து வருவது அவர் வேலை.

"அண்ணே, நீங்க பெட்டி எறக்கிட்டு இருந்தீங்க. வீட்டுக்காரரு பேரு என்னன்னு அம்மாகிட்ட கேட்டேன். அம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. பின்னால நனஞ்ச சட்டையோட ஒருத்தரு நின்னாரு, அவருதான் 'நல்லமுத்து'ன்னு சொன்னாரு. அம்மா இல்லன்னு சொல்லலையே."

லெட்சுமியின் கையிலிருந்த கரண்டி சோற்றுப் பானைக்குள் விழுந்தது. அவள் உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு யாரும் பரிமாறவில்லை.

அறைக்குள் போனதும் சுப்பையா கதவைச் சாத்தினான். "யாருடி நல்லமுத்து?"

"சத்தியமா தெரியாதுங்க. நான் திரும்பியே பாக்கல. முதுகுப்பக்கம் ஈரமா இருந்துச்சு, அவ்வளவுதான்."

"இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"இல்லைன்னா, பின்ன எது பேருன்னு கேப்பாரே. உங்க பேர நான் எப்படிங்க சொல்லுவேன்?"

அது உண்மைதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. சொன்னால் புருஷன் ஆயுசு குறைந்துவிடும் என்று கேட்டு வளர்ந்தவள். கோயிலில் அர்ச்சனைக்குக்கூடப் பக்கத்தில் நிற்கிற பெண்ணிடம் நட்சத்திரத்தைச் சொல்லி, சாடை காட்டி, ஒருவழியாகப் பெயரை வரவழைப்பாள். ஊரில் அதைப் பார்த்துச் சுப்பையா மீசையைத் தடவிக்கொள்வான். இப்போது அதே வழக்கம் அவன் தொண்டையில் முள்ளாக நின்றது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மழை பிடித்தது. தெருக்கோடியில் டிராம் மணியடித்துப் போவதும், சீனர்களின் மரச்செருப்புகள் டக்டக்கென்று கல்தளத்தில் விரைவதும், கருவாட்டு வாசமும் ஊதுபத்தி வாசமும் கலந்து ஈரக்காற்றோடு ஜன்னல் சட்டங்களுக்கிடையே புகுந்து வருவதுமாக அந்த ஊர் அறைக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருக்க, அதற்கெல்லாம் நடுவில், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, யாரோ நனைந்த வேட்டியை முறுக்கிப் பிழிகிற சத்தம் சுப்பையாவுக்குக் கேட்டது. தண்ணீர் சொளசொளவென்று தரையில் விழுந்தது. கொஞ்சம் நின்றது. மறுபடியும் பிழிந்தார்கள். ஒரு வேட்டியில் எவ்வளவு தண்ணீர்தான் இருக்கும்?

சுப்பையா விளக்கை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனான். அங்கே உரித்த தேங்காய்க் குவியலைத் தவிர ஒன்றுமில்லை. தரை நனைந்திருந்தது. கூரையைப் பார்த்தான், ஒழுகவில்லை. தடுப்புப் பலகை அருகே விளக்கைக் கொண்டுபோனபோது, பாய் விரித்துப் படுத்தால் வடிவின் தலை வருகிற உயரத்தில், பலகையில் ஓர் ஈரத்தடம் தெரிந்தது. ஒரு கன்னம். ஒரு காது. ஒட்டக் கேட்டவனின் காது மடல்கூட அப்படியே பதிந்திருந்தது. உப்புத்தண்ணீர் வாடை அடித்தது.

வேறு எவனாக இருந்தாலும் அந்த இடத்திலேயே கந்தசஷ்டிக் கவசம் சொல்ல ஆரம்பித்திருப்பான். சுப்பையாவுக்குப் பயம் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அதைவிடப் பெரிதாகப் பொறாமை வந்தது. எந்தக் கயவாளி என் பெண்டாட்டி மூச்சு விடுவதைக் காது வைத்துக் கேட்கிறான்?

திரும்பி வந்தால், வடிவு பாயைத் தடுப்பிலிருந்து இழுத்து, அவன் பாயோடு ஒட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். பலகைக்கும் அவளுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு வெறுந்தரை.

"யாருக்கு இடம் விடுற?" என்றான்.

வடிவு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அங்க ஜில்லுன்னு இருக்குங்க" என்று மட்டும் சொன்னாள். பயத்தில் புருஷனிடம் ஒண்டுகிற பெண்ணை அணைத்துக்கொள்ளத் தெரியாத மடையன், விடியும்வரை அந்த வெறுந்தரையை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். விடிகிற நேரத்தில் அதில் ஈரம் படர்ந்திருந்தது, தலையிலிருந்து கால்வரை.

காலையில் குழாயடியில் லெட்சுமி அவனைத் தனியாக மறித்தாள்.

"தம்பி, அடுத்த கப்பல்ல ஏறிடுங்க. அந்த ஆளு இங்க பழைய ஆளு. பெஞ்சாதி வர்ற கப்பல எதிர்கொண்டு அழைக்கப் படகுல போனவரு, படகு கவுந்துபோச்சு. எந்தக் கப்பல் வந்தாலும் இன்னும் வந்து நிக்கிறாரு. கப்பலடியில பேரக் கேட்டா பட்டுனு சொல்லிடணும் லா, பேசாம நின்னா அவரு தன் பேரச் சொல்லிடுவாரு."

"அக்கா, என் காதுல பூ சுத்தாதீங்க."

"கேளுங்க தம்பி. அவரு பேரச் சொல்லிக் கூப்பிட இப்ப யாரும் இல்ல. அது தேஞ்சுபோச்சு. வேற பேரு தேடுறாரு. இனிமே தங்கச்சி வாயால உங்க பேரு மட்டும் அவரு காதுல விழவே கூடாது."

சுப்பையா அவளை மேலும் கீழும் பார்த்தான். ஓகோ! கதை அப்படிப் போகிறதா? புருஷன் பெயரை மட்டும் சொல்லக்கூடாதாம், கண்டவன் பெயருக்கு வாயை மூடிக்கொண்டு நிற்கலாமாம். இவளும் கூட்டு. விடுதியே கூட்டு. கப்பலில் எவனோ கண் வைத்துப் பின்னாலேயே வந்திருக்கிறான், இங்கே எல்லோரும் அவனுக்கு உடந்தை. அவள் வாயாலேயே என் பெயரைச் சொல்லவைத்து, அந்தப் பயல் காதில் விழும்படி சொல்லவைத்து, நாகப்பட்டினத்துச் சுப்பையா யாரென்று காட்டுகிறேன் என்று முடிவுகட்டினான்.

"கெளம்பு. கொடிமலைக்குப் போறோம்" என்றான் வடிவிடம். அவள் முகம் மலர்ந்தது. வந்ததிலிருந்து அவன் அவளை எங்கேயாவது அழைத்துப்போவதாகச் சொன்னது அதுதான் முதல் முறை.

ஆயர் ஈத்தாம் போகிற டிராமில் நல்ல கூட்டம். வடிவு அவன் தோளோடு நெருக்கி உட்கார்ந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாகவே வந்தது. கூடை வைத்திருந்த மலாய்க்காரி ஒருத்தி அதில் உட்காரப்போய், தொட்டும் தொடாமலும் எழுந்து, சாரோங் கைலியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, கடைசிவரை நின்றுகொண்டே வந்தாள். அடிவாரத்தில் மலை ரயிலுக்குச் சீட்டுக் கொடுக்கிறவன் அவர்களைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினான். சுப்பையா அவன் முகத்துக்கு நேராக இரண்டு விரலை நீட்டினான். அவன் வடிவுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, சரியென்று கிழித்துக் கொடுத்தான்.

ரயில் காட்டுக்குள் ஏற ஏறக் காது அடைத்தது. பாதி மலையில் வண்டி மாறினார்கள். உச்சியில் இறங்கியபோது பட்டப்பகல், ஆனால் மேகம் வந்து மூடிக்கொண்டதில் நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கூட வந்தவர்கள் பேச்சும் சிரிப்புமாகப் பாதையில் நடந்து கரைந்துபோனார்கள். கம்பி வேலியோரம் வடிவும் அவனும் நின்றார்கள். மரங்களிலிருந்து பனித்தண்ணீர் சொட்டியது. வடிவின் பின்னால் மட்டும் அது சொட்டவில்லை. ஒழுகியது.

"இங்க யாருமில்ல" என்றான் சுப்பையா. "என் பேரச் சொல்லு."

"வேணாங்க."

"சொல்லு."

"உங்களுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்? இந்தச் சீமையில எனக்கு யாருங்க இருக்கா?"

"அதான் ஒருத்தன் இருக்கானே! நனஞ்ச சட்டை!"

வடிவு அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். அவள் தோளுக்குப் பின்னால் மேகம் கொஞ்சம் இருண்டது. சுப்பையா பார்த்தான். பார்த்தும் விடவில்லை.

"அவன் பேருக்கு இல்லைன்னு சொல்லாத வாய். அதுல என் பேரு வந்தே ஆகணும். அவன் கேக்கணும். இல்ல, உன்ன இங்கயே விட்டுட்டுப் போயிடுவேன். மாரியாத்தா சத்தியமா."

அவள் கண்ணை இறுக மூடினாள். தாலியைக் கையில் பொத்திப் பிடித்தாள். ஏதோ சாமி பெயரை முணுமுணுத்தாள். பிறகு, பிள்ளை புது எழுத்தைச் சொல்வதுபோல, மெதுவாகச் சொன்னாள்.

"சுப்பையா."

எவ்வளவு இனிப்பாக இருந்தது! ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் நெஞ்சு குளிர்ந்தது.

"ஏன்டி?" என்று பதில் வந்தது.

அவன் வாய் திறக்கவில்லை. குரல் அவனுடையது. வந்தது அவளுக்குப் பின்னாலிருந்து.

வடிவு கண்ணைத் திறந்தாள். அவனுக்கு நேராகத்தான் பார்த்தாள். அவள் கண் அவனில் நிற்கவில்லை. அவனைத் தாண்டி, மேகத்தைத் தேடி, சுற்றி வந்தது. பின்னால் திரும்பினாள்.

"இங்கயா நிக்கிறீங்க? பயந்தே போயிட்டேன்" என்றாள்.

மேகத்திலிருந்து ஒருவன் வந்தான். சுப்பையாவின் அங்கவஸ்திரம். சுப்பையாவின் மீசை. சுப்பையாவின் நடை. முழுக்க நனைந்திருந்தான்.

"வடிவு!"

கத்தினான். கத்தியது அவன் காதுக்கே எட்டவில்லை. கையை நீட்டினான். கை எங்கே? குளிர் மட்டும் இருந்தது. கால் தரையில் இல்லை. தரையும் இல்லை.

வடிவு மட்டும் லேசாக உடம்பைச் சிலிர்த்துக்கொண்டாள். "யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சுங்க."

"காத்துடி. வா."

இறங்கும் ரயில் நின்றுகொண்டிருந்தது. வாசலில் நின்ற ஆள் அவர்களை எண்ணினான். இரண்டு. கதவைச் சாத்தினான். சுப்பையா ஓடினான். ஓடினான் என்றா சொல்வது? நகர்ந்தான். ஜன்னல் கண்ணாடிவரை வந்தான். அதற்கு மேல் போக முடியவில்லை.

உள்ளே வடிவு அந்த நனைந்தவன் தோளில் தலையைச் சாய்த்திருந்தாள். சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் சுப்பையா பார்த்ததே இல்லை. பெயர் போய்விட்டது. உடம்பு போய்விட்டது. பொறாமை மட்டும் போகவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்து எரிந்தது.

வண்டி குலுங்கி நகர்ந்தது. அவள் பக்கத்திலிருந்தவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பேச்சு வரவில்லை. தண்ணீர் வந்தது. கலங்கல் தண்ணீர், மணலோடு, உதட்டோரம் வழிந்து தாடையில் இறங்கியது. வடிவு முகம் சுளிக்கவில்லை. முந்தானையை எடுத்து, குழந்தைக்குப் பால் துடைப்பதுபோல் ஆசையாகத் துடைத்துவிட்டாள். மறுபடியும் வழிந்தது. மறுபடியும் துடைத்தாள். அவன் இன்னும் அகலமாக வாயைத் திறந்தான். அவள் சிரித்துக்கொண்டே துடைத்தாள், துடைத்தாள், ரயில் மேகத்துக்குள் இறங்குகிறவரை துடைத்துக்கொண்டே இருந்தாள்.