செம்புக் கம்பியில் ஒரு சாவு!

ட்ர்ர்ரிங்... ட்ர்ர்ரிங்...

ஜெலாப்பாங் தொழிற்பேட்டை. கார் சாமான் கடையின் மேஜையில் போன் அலறியது.

காலை ஒன்பது மணி. முதலாளி தவுக்கே மத்தியானம்தான் வருவார். கடையில் சுகுமாரன் மட்டும்.

வயது ஐம்பத்து நான்கு. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பால் வாளி தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கிப் போனவர். இப்போது பதினெட்டு வருடமாக இந்தக் கடையில் கவுண்டர் வேலை. குனோங் ராபாட்டில் வாடகை வீடு. வீட்டில் பேச ஆள் இல்லை. அதனால் டிவியை மட்டும் அணைப்பதே இல்லை!

அவருடைய கைப்பேசிக்கு யாரும் கூப்பிடுவதில்லை. மனிதக் குரல் வருவது கடை போனில்தான். இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவார்.

எடுத்தார்.

"ஹலோ, ஸ்பேர் பார்ட்ஸ்!"

"சுகுமாரனா? போலீஸ் பலாயிலேர்ந்து இன்ஸ்பெக்டர் பிரமிளா பேசறேன். எங்கயும் போயிடாதீங்க. வாரேன்."

"எ... என்னா விசயம் மேடம்?"

"ஒங்க கஸ்டமர் ஒருத்தரு செத்துட்டாரு."

"யாரு?"

"வைரவன்."

சுகுமாரன் ஸ்டூலைக் காலால் இழுத்து உட்கார்ந்தார்.

"எப்படி மேடம்?"

"அதச் சொல்லப் போறது நீங்கதான் அண்ணே!"

டக்!

போன் செத்தது.

இருபதே நிமிடம்.

இன்ஸ்பெக்டர் பிரமிளா உள்ளே வந்தாள். பின்னால் கார்ப்பரல் தர்மா. அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

பையை மேஜையில் வைத்தார்.

உள்ளே... நான்கு சிவப்புக் கேபிள்கள்! முனைகளில் கருப்பு ரப்பர் தொப்பி.

"இது என்னான்னு தெரியுதா அண்ணே?"

"பிளக் கேபிளு மேடம். காயில்லேர்ந்து ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்டு கொண்டு போறது. வைரவன் காடியோடதா?"

"ஆமா. நேத்து காலையில பத்து மணி. பழைய ரப்பர் தோட்டத்து ரோட்டுல அவரு காடி நின்னுச்சு. என்ஜின் ஓடிக்கிட்டு இருக்கு. பானட் தொறந்து கெடக்கு. அதுக்குள்ள நெஞ்ச சாச்சமேனிக்கு ஆளு. செம்பனப் பழம் வெட்ட வந்தவங்கதான் பாத்தாங்க."

"அவரு பழக்கம் அப்படி மேடம். என்ஜின் மேல படுத்துக்கிட்டு சத்தம் கேப்பாரு. பிள்ளைக்கு நெஞ்சுச் சத்தம் கேக்கற டாக்டரு மாதிரி!"

"அவரு நெஞ்சுலயே ஒரு மெஷினு இருந்துச்சு. தெரியுமா?"

"தெரியும். பேஸ்மேக்கரு."

பிரமிளாவின் புருவம் ஏறியது.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சனிக்கிழமை கேபிள் வாங்க வந்தப்ப சட்டைய வெலக்கிக் காட்டுனாரு. கேபிள் வாங்க வர்ற எல்லாருகிட்டயும் நான் கேப்பேன் மேடம். என்னா என்ஜினு, எவ்ளோ தூரம் போவீங்க, ரேடியோ கேப்பீங்களா, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையேன்னு."

"கேபிளுக்கா இவ்ளோ கேள்வி?"

"கேக்காம எப்படிக் குடுக்கறது?"

கேபிள் வாங்க வந்தவனை முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்துப் பேசுவார் சுகுமாரன். அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அவசரக்காரர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்!

"எனக்கும் சொல்லுங்க. கேபிள்ல என்னென்ன வகை?"

சுகுமாரனின் முகத்தில் வெளிச்சம் வந்தது. நாலு நாளாக இப்படி ஒருவரும் கேட்கவில்லை.

"மூணு மேடம். மொத வகை, உள்ள கரி இருக்கும். சாதா காடிக்குப் போதும். வேகமா ஓட்டற காடிக்கு அது பத்தாது, சீக்கிரம் வெந்துடும். ரெண்டாவது, சுருள். உள்ள மெல்லிசுக் கம்பிய ஸ்பிரிங் மாதிரி சுத்தியிருப்பான். நெருப்பும் நல்லா வரும், ரேடியோவுலயும் சத்தம் வராது."

"மூணாவது?"

"வெறுஞ் செம்பு. ரேஸ் ஓட்டறவன் கேப்பான். பவர் ஜாஸ்தின்னு நெனப்பு! நெசத்துல சுருளுக்கும் அதுக்கும் ஓட்டறப்ப வித்தியாசமே தெரியாது. ஆனா செம்பு போட்டா கொர்ர்ருன்னு கத்தும் பாருங்க..."

"காதுக்குக் கேக்குமா?"

"ரேடியோவுக்குக் கேக்கும். மெஷினுக்குக் கேக்கும். நமக்குக் கேக்காது."

மின்விசிறி கடகடவென்று சுற்றியது.

"டாக்டர் அதத்தான் சொல்றாரு அண்ணே. ஏதோ ஒரு சத்தத்துல மெஷினு தடுமாறி, துடிக்க வேண்டிய நேரத்துல சும்மா இருந்திருக்கு."

"ஐயோ... நான் சுருள்தான் மேடம் குடுத்தேன்! பில்லுலயே போட்டிருக்கேன். எட்டு மில்லி, சுருள், செவப்பு!"

"பில்லப் பாத்தேன். இதுவும் செவப்புதான்."

"செம்பும் செவப்புத் தோல்லதான் வருது. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. இருங்க..."

சுகுமாரன் மீட்டரை எடுத்தார். கேபிளின் இரண்டு முனையிலும் ஊசியை வைத்தார்.

முள் சர்ரென்று ஓடிப் பூஜ்யத்தில் போய் நின்றது!

"சுருளா இருந்தா முள்ளு நடுவுல நிக்கணும் மேடம். இது... செம்பு!"

"அப்ப யாரோ மாத்திட்டான்!"

"ஆமா..."

"யாரு மாத்துனான்னும் தெரியும். நேத்தே புடிச்சிட்டோம். சிலிபின்ல பட்டறை வெச்சிருக்கற தனேஸ்வரன்."

சுகுமாரனின் கையிலிருந்த மீட்டர் மேஜையில் தடாலென்று விழுந்தது.

"தனேசா! அவன் என் கூட்டாளி மேடம். ஒரே தோட்டம். ஒரே லயம். பக்கத்துப் பக்கத்து வீடு!"

"நீங்க குடுத்த சுருள மாட்டுனது அவன்தான். சனிக்கிழமை சாயந்தரம். அவன் பட்டறை இருக்கற நெலத்த வைரவன் வாங்கிட்டாரு. ரெண்டு மாசத்துல காலி பண்ணச் சொல்லியிருக்காரு. காரணம் இருக்கு, கைத்தொழிலும் தெரியும். நாளைக்குக் கோர்ட்டு. கொலைக் கேசு. போனான்னா போனதுதான்!"

"அவனுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க மேடம்..."

"தெரியும். அதனாலதான் சரியா இருக்கணும்னு பாக்கறேன். கேபிளு பூரா எண்ணெ. கைரேக ஒண்ணும் எடுபடல. இத மாட்டுனது தனேசுதான்னு அடிச்சுச் சொல்ல எதாச்சும் இருக்கா? நீங்க கேபிள்லயே பொழங்கறவரு. நல்லா பாருங்க."

சுகுமாரன் குனிந்தார். ரப்பர் தொப்பிகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

நாலாவது தொப்பியில் விரல் நின்றது.

"சொல்ல மனசு வரல மேடம்."

"சொல்லுங்க."

"ஒவ்வொரு தொப்பி மேலயும் ஒரு பொட்டு இருக்கு. குங்குமம். தனேசு புது சாமான் எது மாட்டுனாலும் குங்குமம் வெப்பான். போல்ட்டு மாத்துனாக்கூட! அவன் அப்பா பால் வெட்டற கத்திக்கே வெப்பாரு. பட்டறைக்குப் போற எல்லாருக்கும் இது தெரியும்."

"அப்ப இது தனேசு வேலதான்?"

"அவன் கெட்டவன் இல்ல மேடம். ஆனா... எடத்த விட்டுப் போன்னா யாருக்குத்தான் வலிக்காது?"

தர்மா எழுதிக்கொண்டார்.

பிரமிளா எழுதவில்லை. சுகுமாரனையே பார்த்தாள்.

"அங்கதான் அண்ணே இடிக்குது. தனேசு பத்து நாளா தீட்டுல இருக்கான்."

"தீட்டா? யாருக்கு?"

கேட்டுவிட்டார்.

கேட்ட பிறகுதான் கடையில் ஏதோ மாறியிருப்பது அவருக்குத் தெரிந்தது. தர்மாவின் பேனா நின்றிருந்தது.

"அவங்க அம்மாவுக்கு." பிரமிளா மெதுவாகச் சொன்னாள். "மங்களம்மா. போன வாரத்துக்கு மொத வாரம், ஞாயித்துக்கிழமை."

"அத்தையா...?"

அந்தக் கேள்வியில் நடிப்பு இல்லை.

"பதினாறு முடியற வரைக்கும் குங்குமத்தத் தொடமாட்டான். பட்டறையில சாமி படத்தையே துணி போட்டு மூடி வெச்சிருக்கான். வயித்துக்காக வேல மட்டும் பாக்கறான். சனிக்கிழமை சுருள் மாட்டுனப்ப பொட்டு வெக்கல. 'என்னாப்பா, பொட்டு இல்லையா'ன்னு வைரவனே கேட்டிருக்காரு. பக்கத்துல நின்ன ரெண்டு கஸ்டமரு சாட்சி!"

"மேடம்..."

"இந்தப் பொட்ட வெச்சவனுக்கு தனேசோட பழக்கம் தெரியும். அவன் வீட்டுச் சாவு தெரியாது! சாவு எடுப்புக்கு முந்நூறு பேரு வந்தாங்க. பட்டறைக்குக் காடி விடற அத்தன பேரும் வந்தாங்க. மிச்சப் பேருக்கு வாட்சாப்புல சேதி போயிருக்கு. தெரியாத ஆளு எவன்டான்னு நேத்து ராத்திரிலேர்ந்து தேடறேன். ஒருத்தன்கூட கெடைக்கல... இப்ப வரைக்கும்!"

"எனக்கு... எனக்கு யாரும் சொல்லல மேடம்!"

"அதத்தான் அண்ணே நானும் சொல்றேன்!"

பின்னால் அலமாரியிலிருந்து தர்மாவின் குரல் வந்தது.

"மேடம்! இந்தப் பெட்டியப் பாருங்க. எட்டு மில்லி, சுருள். புதுசுன்னு ஒட்டியிருக்கு. உள்ள பாத்தா எண்ணெப் பிசுக்கு!"

"ஏன் அண்ணே இதத் தூக்கிப் போடல?"

சுகுமாரன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நல்ல சாமானு மேடம். ஒரு நாள்தான் ஓடியிருக்கு. எப்படித் தூக்கிப் போடறது?"

"எப்ப மாத்துனீங்க?"

"திங்கக்கிழமை வந்தாரு. ஐடில்ல என்ஜினு லேசா ஆடுதுன்னாரு. 'தே குடிச்சிட்டு வாங்க போஸ், நான் பாக்கறேன்'னேன். அர மணி நேரம் போதும்."

"ஏன்?"

சுகுமாரன் பேசினார். முதல் முறையாக, ஒருவர் நடுவில் எழுந்து போகாமல் கேட்டார்.

"எங்க தோட்டத்த வாங்குனதே வைரவன்தான் மேடம். நாப்பத்திரண்டு வீடு. மூணே நாள்ல இடிச்சாங்க. ஆளுக்கு ஒரு பக்கம் போயிட்டாங்க. நான் இங்க வந்தேன். சனிக்கிழமை கேபிள் வாங்கறப்ப சொல்றாரு, 'அந்தப் பழைய தோட்டத்து ரோட்டுலதான் காடிய வெரட்டிப் பாக்கறேன் சுகு. சுத்தி ஒரு மனுசன் கெடையாது. ரொம்ப நல்ல எடம்'னு. சிரிச்சுக்கிட்டே சொல்றாரு மேடம்!"

"தனேசு என்ன பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல. அதான் மேடம்! ஒண்ணுமே பண்ணல. சாமான் வேணும்னா கடைக்குப் போன் போடுவான். ஆறு தீபாவளி போச்சு. 'வீட்டுக்கு வாடா மச்சான்'னு ஒரு வார்த்த இல்ல. அவனுக்கு சிலிபின் பூரா ஆளு..."

சுகுமாரன் இரண்டு கையையும் நீட்டினார்.

தர்மா விலங்கை எடுத்தார். க்ளிக்!

வாசலைத் தாண்டும்போது சுகுமாரன் திரும்பினார்.

"மேடம்... தனேசு கருமாதிக்கு இருப்பான்ல?"

"இன்னிக்கே விட்டுடுவோம்."

"அத்தைக்கு நானும் ஒரு புடி அரிசி போடணும்..."

பிரமிளா வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

"நான் இனி எப்படி மேடம் இருப்பேன்?"

"அதப்பத்திக் கவலையே வேணாம் அண்ணே, ஏறுங்க. ஒரே லாக்கப்பு ரூமுல பதினாலு பேரப் போட்டிருக்கோம். கொஞ்ச நேரம் தனியா விட மாட்டானுங்களான்னு நாளைக்கே கெஞ்சுவீங்க பாருங்க லா!"