தையல் வெளியே தெரியும் சட்டை

என் தம்பியை நாங்கள் வண்டு என்று கூப்பிடுவோம். சந்தோஷம் வந்துவிட்டால் ‘ம்ம்ம்ம்’ என்று ரீங்காரம் போடுவான். என்னை எல்லோரும் வாலு என்பார்கள். ஏன் என்று நான் சொல்ல மாட்டேன்.

எங்கள் அம்மா தையல்காரி. முன்னறையில்தான் தையல் மெஷின். அம்மா தைத்த சட்டையை உள்ளே புரட்டிப் பார்த்தாலும் ஒரு பிசிறு இருக்காது. அதில் அம்மாவுக்குக் கொள்ளைப் பெருமை.

அப்படிப்பட்ட அம்மா தைத்த பள்ளிச் சட்டையை வண்டு போட மாட்டேன் என்றுவிட்டான்! போட்டவுடன் கத்தினான், கழற்றி எறிந்தான். மறுநாள் பள்ளி திறக்கிறது. சீருடை இல்லாமல் வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வண்டுவுக்கோ பள்ளிக்குப் போக அவ்வளவு ஆசை. காலையிலிருந்து வெற்று முதுகில் பையை மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

வண்டுவுக்கு ஆட்டிசம். டாக்டரம்மா ஒருநாள் எனக்குப் புரியும்படி சொன்னார்.

“உடம்புல எது பட்டாலும் மூளைக்குச் சேதி போகும். அங்கே அந்தச் சேதியைக் கைமாத்தி விடறதுக்குன்னே சில ரசாயனங்கள் இருக்கு. உன் தம்பியோட மூளை சேதியை வேற மாதிரி வாங்கிக்குது. உனக்குத் தெரியவே தெரியாத உறுத்தல், அவனுக்கு முள்ளு மாதிரி குத்தலாம். அவன் அடம் பிடிக்கலை, கண்ணு.”

அம்மாவுக்கும் இது தெரியும். அதனால் துணியைத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக்கினார். அப்படியும் கத்தினான். “ஏதோ பிசிறுதான் குத்துது” என்று தையலை மடித்து, அதன்மேல் இன்னொரு தையல் போட்டார். வண்டு முன்னைவிடப் பலமாகக் கத்தினான்.

அம்மா மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். “ஊருக்கெல்லாம் தைக்கிறேன். நான் பெத்த பிள்ளைக்கு ஒரு சட்டை தைக்க எனக்குத் துப்பில்லையே!”

எனக்கும் அழுகை வந்தது.

வண்டு என்ன செய்தான் தெரியுமா? எறிந்த சட்டையைத் தானே எடுத்துக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டிருந்தான். ரீங்காரம் வேறு!

“துணி பிடிச்சிருக்குதானே? அப்புறம் என்னடா?” என்றேன்.

அவன் சட்டைக்குள் கையை விட்டான். சுட்டதுபோல உதறினான். நானும் கையை விட்டுத் தடவினேன். தோளோரம் தடிப்பாக ஒரு வரப்பு. தையல்மேல் தையல் போட்ட இடம்.

உள்பக்கம் வெளியே வரும்படி சட்டையைப் புரட்டி நீட்டினேன். வண்டு ஒரு கையை நுழைத்தான். கொஞ்சம் யோசித்தான். மறு கையையும் நுழைத்தான். எறியவில்லை!

“அம்மா! இங்க பாரேன்!”

அம்மா நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

“ஐயையோ, தையலெல்லாம் வெளியே தெரியுதே! தையல்காரி பிள்ளைன்னா ஊரே சிரிக்குமே!”

“ஊரா இந்தச் சட்டையைப் போடப்போகுது?”

அம்மா என்னை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். “வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிடும்!”

சட்டையை முழுவதும் பிரித்தார். தையலெல்லாம் வெளிப்பக்கம் வரும்படி தைத்து, அதன்மேல் நீல நாடா வைத்து மூடினார். உள்ளே வழவழவென்று இருந்தது.

மறுநாள் பள்ளி வாசலில் டீச்சர் அந்த நீலக் கோடுகளைப் பார்த்தார். எனக்குத் திக்கென்றது.

“அட, நல்லாருக்கே! யார் தைச்சது?”

“எங்கம்மா!” என்று நான் முந்திக்கொண்டேன். வண்டு அதற்குள் வகுப்புக்குள் போய்விட்டான்.

மாலையில் வீட்டுக்கு வந்தும் அவன் சட்டையைக் கழற்றவில்லை.

“அழுக்காயிடுச்சு, துவைக்கணும். குடுடா செல்லம்” என்று அம்மா கெஞ்சினார்.

வண்டு இரண்டு கையாலும் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பிறகு அம்மாவின் விரலைப் பிடித்து இழுத்துப்போய் மெஷின்மேல் வைத்தான்.

“இன்னொண்ணு” என்றான்.

அம்மா அப்போதே உட்கார்ந்துவிட்டார். கண் நிறைய நீர். ஊசியில் நூல் நுழையவே இல்லை. நான்தான் கோத்துக் கொடுத்தேன்.