நிற்கிற வண்டியின் வேகம்

சாவி அவனுடைய சட்டைப் பையில் இருந்தது. வண்டி என்ஜின் அணைந்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கப்பட்டு, ஷெட்டின் நடுவே நின்றது. ஆனாலும் மீட்டரில் வேக முள் இருபதைத் தொட்டு, கொஞ்சம் நடுங்கி, மெல்ல இறங்கி ஐந்துக்கு வந்தது. பிறகு யாரோ ஆக்சிலேட்டரை மிதித்ததுபோல மறுபடி ஏறியது.

மெக்கானிக் திறந்த வண்டிக் கதவு வழியாகத் தலையை நீட்டியபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழை விட்டு வெகுநேரம் ஆகவில்லை. தகரக் கூரையின் ஓட்டையிலிருந்து காலி ஆயில் டப்பாவுக்குள் சொட்டு சொட்டாக விழுந்த சத்தமும், தெருக்கோடியில் எங்கோ நாய் குரைத்த சத்தமும் தவிர வேறு சத்தமில்லை. கருகிய ஆயில் நாற்றத்துக்கு மேல் அந்த வண்டிக்கே உரிய சோப்பு வாசனை ஷெட் முழுக்கப் பரவியிருந்தது. அவனுடைய அக்காவும் மாமாவும் சலவைக்கடை வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் விடுதிகளின் போர்வைகளும் இந்தப் பழைய பிக்கப்பில்தான் போய் வந்தன. வண்டி காலியாக இருந்தாலும் ஈரத்துணி வாசனை அதை விட்டுப் போவதில்லை.

வண்டி அவனிடம் வந்தது இது மூன்றாவது தடவை. முதல் தடவை வேக முள் செத்துக் கிடந்தது. அவன் மீட்டரையே மாற்றினான். அடுத்த தடவை கியர் தானாக மாறாமல் உதைத்தது. கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றி, கையைத் துடைத்துக்கொண்டு, "அவ்ளோதான், முடிஞ்சுது" என்றான். இந்த முறை மூன்றும் சேர்ந்துகொண்டன. முள் ஆடவில்லை, கியர் உதைத்தது, போதாததற்குக் குரூஸ் கண்ட்ரோலும் வேலை செய்யவில்லை. ஒரு வேகத்தை வைத்துவிட்டுக் காலை எடுத்தாலும் அதே வேகத்தில் வண்டியைக் கொண்டுபோகும் சங்கதி அது. அக்காவுக்கு முட்டி வலி. நெடுஞ்சாலை ஏறியதும் அறுபதில் வைத்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு உட்காராவிட்டால் அவளால் போய்ச் சேர முடியாது.

கல்யாணமான நாளிலிருந்து புகுந்த வீட்டில் அக்கா பீற்றிக்கொண்டதெல்லாம் இந்தத் தம்பியைப் பற்றித்தான். 'அவன் கை பட்டா செத்த வண்டிகூட எழுந்து ஓடும்' என்பாள். அதைக் கேட்டுக் கேட்டு மாமா அவனுக்கு 'டாக்டர்' என்று பெயர் வைத்திருந்தார். முதலில் செல்லமாகத்தான் அப்படிக் கூப்பிட்டார். வண்டி இரண்டாவது தடவை திரும்பி வந்ததிலிருந்து அந்தச் சொல்லை ஒரு மாதிரி இழுத்துச் சொன்னார். அந்த இழுப்பு அவன் காதிலேயே தங்கிவிட்டது.

அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தான். பிரேக் மிதிக்கு மேலே ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். பிரேக்கில் கால் பட்டதும் குரூஸ் கண்ட்ரோலை விட்டுவிடச் சொல்வது அதுதான். பழுது எங்கே என்று தெரியாத ஆத்திரத்தில் அந்த ஸ்விட்சைக் கழற்றிவிட்டு, இரண்டு ஒயர்களையும் முறுக்கி டைரக்ட் கொடுத்தான். அன்று பார்த்து வண்டியும் ஒழுங்காக ஓடித் தொலைத்தது. முள் ஆடியது, குரூஸின் பச்சை விளக்கு எரிந்தது. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த சூட்டிலேயே அக்காவுக்கு போன் போட்டு, "சரியாயிடுச்சுக்கா, நாளைக்கு வந்து எடுத்துக்கோ" என்றான்.

மறுநாள் சாயங்காலம் முள் மறுபடி செத்திருந்தது. வேறு வழியில்லாமல் வண்டிக்கு அடியில் படுத்து, பின் ஆக்சிலில் இருந்த ஸ்பீடு சென்சாரைக் கழற்றினான். அதன் முனையில் இரும்புத் தூள் தாடிபோல ஒட்டிக்கொண்டிருந்தது. முள்ளுக்கும் கியருக்கும் குரூஸுக்கும் வேகத்தைச் சொல்வது அந்த ஒரே சென்சார்தான். கட்டைவிரல் அளவு சாமான். தொழிலுக்குப் புதிதாக வந்தவன்கூட முதலில் பார்க்க வேண்டிய இடம். மீட்டரை மாற்றியதும் ஆயிலை மாற்றியதும் வெறும் கூத்து. வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடியே அவனுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

தூளைத் துடைத்து அதையே மாட்டிவிட்டு, புது சென்சார் வாங்கப் போகலாம் என்று எழுந்தபோதுதான் அக்காவின் குரல் கேட்டது.

அவன் ஓடி ஒளிந்தான். அதை வேறு எப்படியும் சொல்வதற்கில்லை. தலை நரைக்க ஆரம்பித்த மனுஷன், சொந்த அக்காவுக்குப் பயந்து, பின்பக்கம் அடுக்கியிருந்த பழைய டயர்களுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். "தம்பி... டேய் தம்பி... எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்று அவள் சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள். மாமா ஏதோ சொல்ல அவளும் பதில் சொன்னாள். கதவுகள் சாத்தப்பட்டன. என்ஜின் உறுமியது. ஒரு வண்டி பின்னால் போய், திரும்பி, தெருவில் இறங்கி ஓடியது.

மாற்றுச்சாவி அக்காவிடம் இருந்தது அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பதறிக்கொண்டு வெளியே வந்தான். வண்டி இருந்த இடத்திலேயே நின்றது. அப்பாடா என்றிருந்தது. ஆட்டோவில் வந்து ஆட்டோவிலேயே திரும்பிவிட்டார்கள் போலிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டான்.

அதற்குப் பிறகுதான் முள் நகர ஆரம்பித்தது.

தெரிந்த முறையில் ஒவ்வொன்றாகப் பார்த்தான். பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றி ஒதுக்கி வைத்தான். முள் நிற்கவில்லை. எங்காவது மிச்ச கரண்ட் இருக்கும் என்று ஹார்னை அழுத்தினான். சத்தமே வரவில்லை. டாஷ்போர்டைப் பிரித்து, மீட்டரைப் பிடுங்கி, பின்னாலிருந்த சாக்கெட்டை உருவிவிட்டு அதைக் கையில் எடுத்தான். ஒரு ஒயர்கூடச் சேராத மீட்டர். அவனுடைய இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே முள் முப்பதுக்கு ஏறியது, பத்துக்கு இறங்கியது, சுத்தமாக நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கிளம்பியது.

அந்த ஏற்ற இறக்கம் அவனுக்குத் தெரிந்ததாக இருந்தது. இந்த வாரம் முழுக்க அந்த வழியில்தான் வண்டியை ஓட்டிப் பார்த்திருந்தான். பள்ளிக்கூடத்து வாசல் வேகத்தடை. பெட்ரோல் பங்க் திருப்பம். சிக்னல். அப்புறம் பாலம்.

மீட்டரைப் பிடித்தபடியே வாசலுக்கு வந்தான். இருட்டத் தொடங்கியிருந்தது. மழையில் ஊறிய மண்ணில் டயர் தடம் புதிதாக, ஆழமாகப் பதிந்திருந்தது. இடது பின் டயர் ஒரு ஓரமாகவே தேய்ந்திருக்கும். தடத்திலும் அந்த ஓரம் மட்டும் மழுங்கியிருந்தது. அதைப் பின்பற்றி உள்ளே பார்வையை ஓட்டினான். நின்றுகொண்டிருந்த வண்டியின் சக்கரங்களுக்கு அடியிலிருந்து, கொடுத்திருந்த கட்டைகளுக்கு ஊடாக, அது தெருவுக்குப் போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

முள் அறுபதுக்கு வந்து, ஆணி அடித்ததுபோல நின்றது. அவன் கைக்குள் பச்சை விளக்கு எரிந்தது.

போன் அடித்தது. அக்கா.

"டேய், எங்கடா போயிட்ட? தொண்டை கிழியக் கத்தினேன், ஆளையே காணோம். சரி, நாங்க வண்டிய எடுத்துட்டுக் கிளம்பிட்டோம்."

அவன் வண்டியைப் பார்த்தான். "எந்த வண்டியக்கா?"

"எந்த வண்டியா? நல்லா கேட்ட போ. என் வண்டியத்தான். கடைக்குப் போய் லோடு ஏத்திட்டு இப்பதான் ரோட்டுக்கு வந்தோம். அழகா ஓடுதுடா. முள்ளு அறுபதுல ஆடாம அசையாம நிக்குது. இரு, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், மாமாவும் பக்கத்துலதான் இருக்காரு."

"என்ன டாக்டர்," என்றது மாமாவின் குரல். இந்த முறை அதில் இழுப்பு இல்லை. "நோயாளி பிழைச்சுட்டாருப்பா. நான்தான் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன். மனசுல வச்சுக்காத."

அந்த 'டாக்டர்' அவனை அறைந்தது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். ஸ்டீயரிங்கில் இருக்கிற பொத்தானை அழுத்திக் குரூஸை அணைத்துவிடு, பிரேக் போட்டால் அது விடாது. அவ்வளவுதான். ஏன் விடாது என்று மாமா கேட்பார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பதிலைக் கேட்பாள். அவளுடைய முகம் எப்படிச் சுருங்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"மெதுவாப் போக்கா" என்றான்.

"அறுபதுலதாண்டா போறேன். இதுக்கு மேல மெதுவாப் போனா துணி காஞ்சுடும்." இருவரும் சிரித்தார்கள்.

அவனும் சிரித்தான். ஆளில்லாத ஷெட்டில் தன் சிரிப்பைத் தானே கேட்டபோது அருவருப்பாக இருந்தது. இவனெல்லாம் ஒரு தம்பி.

பாலம் தாண்டினால் நீண்ட இறக்கம். இறக்கத்தின் முடிவில் ரயில்வே கேட்.

முள் அறுபதை விட்டு நகர்ந்தது. அறுபத்தைந்து. எழுபது. அவனுக்குப் பின்னால் நின்ற வண்டியின் அடியிலிருந்து கியர் உதைக்கும் சத்தம் கேட்டது. தரை அதிர்ந்தது. சூடேறிய பிரேக்கின் கருகல் நாற்றம் சோப்பு வாசனையோடு கலந்து மூக்கில் ஏறியது.

"டேய்..." அக்காவின் குரலில் இன்னும் சிரிப்பின் மிச்சம் இருந்தது. "என்னடா இது, பிரேக் போட்டாலும் இழுத்துக்கிட்டே போகுது?"

எண்பது.

"கேட்டு மூடியிருக்கு," என்றார் மாமா. "நல்லா மிதி."

"மிதிச்சுக்கிட்டுத்தாங்க இருக்கேன்!"

தொண்ணூறு.

அவன் கத்தினான். "ஆஃப் பண்ணுக்கா! பொத்தானை அமுக்கு! நியூட்ரல்ல போடு! பிரேக் ஸ்விட்ச நான்தான் கழட்டிட்டேன்! நான்தான் டைரக்ட் கொடுத்தேன்! ஒண்ணுமே சரியாகலக்கா, நான் பொய் சொன்னேன்!"

மறுமுனையில் எல்லாச் சத்தத்துக்கும் நடுவே அக்கா பேசினாள். கோபம் இல்லை. நம்ப முடியாமல் கேட்கிற குரல்.

"நீயாடா?"

முள் விழுந்தது. இறங்கவில்லை. தொண்ணூறிலிருந்து நேராகப் பூஜ்யத்துக்கு விழுந்தது.

போனில் காற்றுச் சத்தம்கூட இல்லை. அழைப்பு மட்டும் துண்டிக்கப்படவில்லை.

அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் தகரம் மடங்கும் சத்தம். மெதுவாக. யாரோ அவசரமே இல்லாமல் விரிப்பை மடித்து வைப்பதுபோல. கண்ணாடி நொறுங்கும் சத்தம். பிறகு ஏதோ தரையில் ஒழுகியது.

கடைசியில் திரும்பி, டிரைவர் பக்கமாக வண்டியை நெருங்கினான்.

பானெட் பாதியாகச் சுருங்கி முன் சீட்டுவரை வந்திருந்தது. எதுவும் அதை இடிக்கவில்லை. முன்னால் வெறும் தரை. பின் சக்கரங்களின் கட்டைகள் இடம் மாறாமல் இருந்தன. உள்ளே இரண்டு சீட் பெல்ட்டுகளும் மாட்டப்பட்டிருந்தன. இரண்டும் முன்னால் இழுபட்டு, இறுகி, கண்ணுக்குத் தெரியாத எதையோ பிடித்துக்கொண்டிருந்தன.

முன் கண்ணாடி விரிசல் விட்டு வெளுத்திருந்தது. அதில் இரண்டு இடங்களில், உள்பக்கமாக, மூச்சு படிந்து மறைந்தது. மறுபடி படிந்தது. மாமா உட்கார்கிற பக்கம் அது சிறுத்து, சிறுத்து, பிறகு வரவில்லை.

அக்காவின் பக்கம் அது நிற்கவில்லை.

டிரைவர் சீட்டின் பெல்ட் முறுக்கிக்கொண்டு அவன் பக்கமாகத் திரும்பியது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அக்காவின் முகம் அங்கே இல்லை என்று தெரிந்தும் அதைப் பார்க்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்றே தோன்றியது. குனிந்தபடியே கண்ணை மட்டும் உயர்த்தினான்.

பக்கக் கண்ணாடியில், அவனுடைய முகத்துக்கு நேராக, ஒரு மூச்சு படிந்தது. மெல்ல மறைந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து படிந்தது.