ஏவாளின் பச்சைப் பாவாடை

காலைப் பூசை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு ஓவியன் பால்தோ கோயிலுக்குள் நுழைந்தான். பக்கச் சுவரிலிருந்து ஈரச் சாந்தின் வாடை மூக்கில் ஏறியது. இருபது வருடமாக யாரும் சாந்து பூசாத சுவர் அது.

அதில் ஏவாள் பிறந்த மேனியாய் நின்றாள். செத்துப்போன அவன் குரு வரைந்தது. அன்று குருவுக்கு முன் அப்படி நின்ற ஜினெவ்ரா இன்று பால்தோவின் மனைவி. ஊருக்கு இது தெரியாது.

"ஞாயித்துக்கிழமை ஆயர் வர்றார். அதுக்குள்ள இவளுக்கு ஒரு பாவாடையக் கட்டிவிடு," என்றார் பங்குச்சாமியார் சிப்ரியானோ. "கோயில்ல அம்மணம் கூடாதுன்னு ரோமாபுரி உத்தரவு."

முட்டைக்கருவில் பச்சை நிறம் குழைத்துப் பாவாடையை வரைந்துவிட்டு வீடு திரும்பினான்.

"ஏங்க, இடுப்புக்குக் கீழ மரத்துப்போச்சு," என்றாள் ஜினெவ்ரா.

விடிந்ததும் எழுந்து நடந்தாள். கோயிலில் பச்சை முழுதும் உதிர்ந்து கிடந்தது.

மறுநாளும் வரைந்தான். அன்றும் அவளுக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது.

பால்தோ சாமியாரிடம் ஓடினான். "சாமி, நிறம் நிக்கல. விட்ருவோமே," என்று கெஞ்சினான்.

"காஞ்ச சுவர்ல பூசினா உதிராதா? எனக்கே கதை விடுறியா? பழசக் கொத்திட்டு ஈரச்சாந்துல வரை. சுவர் இருக்கிற வரைக்கும் நிக்கும்னு நீதானே பீத்திக்குவே?"

நுணலும் தன் வாயால் கெடும்.

"நீ மாட்டேன்னா நாளைக்கு வேற ஆள் வருவான். மூஞ்சியையும் சேர்த்துக் கொத்துவான்."

வீட்டில் எல்லாவற்றையும் சொல்லி அழுதான். ஜினெவ்ரா அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"நீங்களே கொத்துங்க," என்றாள். "உங்க கைன்னா மெதுவா இருக்கும்."

சனிக்கிழமை உளியை எடுத்தான். பொடி பொடியாகத்தான் கொத்தினான்.

தெருவுக்கு அப்பாலிருந்து அலறல் கேட்டது.

அவன் நிறுத்தவில்லை. நிறுத்தி என்ன ஆகப்போகிறது?

சாந்து பூசி, பச்சைப் பாவாடை வரைந்து முடித்தபோது அலறல் ஓய்ந்திருந்தது.

ஞாயிறன்று ஆயர் சுவரைப் பார்த்து, "எவ்வளவு அடக்கமா இருக்கா!" என்று மெச்சினார். அதே நேரம் வீட்டில் ஜினெவ்ராவின் உடலைக் குளிப்பாட்ட வந்த பெண்கள் திகைத்து நின்றார்கள்.

"இந்தப் பச்சைப் பாவாடைய அவிழ்க்கவே முடியலியே, பால்தோ. ஒடம்போட ஒட்டியிருக்கு."

அவளிடம் அப்படியொரு பாவாடை இருந்ததே இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் சாமியார் ஆள் அனுப்பினார். ஏவாள் மறுபடியும் அம்மணமாய் நிற்கிறாளாம். உளியோடு வர வேண்டுமாம்.

பால்தோ போனான். கொத்திய தடம்கூட இல்லை. சுவரில் கை வைத்தான்.

வெதுவெதுப்பாக இருந்தது.

உளியை ஓங்கியபோது சுவருக்குள்ளிருந்து தணிந்த குரல் வந்தது.

"மெதுவாங்க..."