மூன்றாம் சுரங்கம் நலம்

நிலாக் குடியிருப்பில் பல் துலக்கும்போதே சுவரிடம் நலம் விசாரித்துவிடுவது வழக்கம். வீடு, சுரங்கம் என எல்லாச் சுவருக்குள்ளும் கடுகளவு உணர்மணிகள் ஆயிரக்கணக்கில் புதைந்திருக்கின்றன. கம்பி கிடையாது. காற்றில் குறை கண்ட மணி பக்கத்து மணியிடம் சொல்லும். அது அடுத்ததிடம் சொல்லும். இப்படியே செய்தி கட்டுப்பாட்டு அறைக்கு வந்து சேரும்.

அன்று காலை மூன்றாம் சுரங்கம் "நலம்" என்றது. பூங்கோதை மட்டும் அதை நம்பவில்லை. அங்கே பனிக்கட்டி வெட்டப் போயிருந்த அவள் கணவன் திருமாறன், தொலைபேசியில் காரணமில்லாமல் சிரித்தான். நாக்கு குழறியது.

"தலைதான் கொஞ்சம் வலிக்குது கோதை. தூக்கம் தூக்கமா வருது."

"காத்து குறையுதுங்க. உடனே வெளிய வாங்க."

"அதான் சுவரு நலம்னு சொல்லுதே." மறுபடி சிரித்தான். அப்புறம் பேச்சே இல்லை.

அவள் குடியிருப்புத் தலைவர் சகாயத்திடம் ஓடினாள். அவர் கையை விரித்தார். "சுவரு ஆபத்துன்னு சொன்னாத்தான் மீட்புக் கதவு திறக்கும். நான் சொன்னாக்கூட திறக்காதும்மா."

சுவருக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவளே பூங்கோதைதான். எதிரி மணி ஒன்று நடுவில் புகுந்து செய்தியை விழுங்கிவிடக் கூடாதென்று, ஒவ்வொரு மணிக்கும் நம்பிக்கைப் புள்ளி வைத்திருந்தாள். புள்ளி இழந்த மணியின் பேச்சை மற்றவை கேட்காது. அந்தக் காவலையும் தாண்டி எவனோ நுழைந்துவிட்டான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரையில் தேடினாள்.

எதிரி எவனும் இல்லை. எல்லாம் சொந்த மணிகள். விரிசலை ஒட்டியவை மட்டும் பூஜ்யத்தில் கிடந்தன. காற்று கசிகிறது, காற்று கசிகிறது என்று அவை பாட்டுக்குக் கத்திக்கொண்டுதான் இருந்தன. பக்கத்து மணிகள் காது கொடுக்கவில்லை.

புள்ளியைப் பறித்தது யார்? அபாயச் செய்தி வந்தால், பணியில் இருப்பவர் கவச உடை மாட்டிக்கொண்டு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். நம் ஆட்களுக்கா உடம்பு வணங்கும்? சுவரில் இருக்கும் "தவறான செய்தி" என்ற பொத்தானை அமுக்கிவிட்டுத் தேநீரைத் தொடர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு அமுக்கலுக்கும் உண்மை சொன்ன மணிக்குப் புள்ளி போயிருக்கிறது. அதிகம் அமுக்கிய விரல் திருமாறனுடையது.

"பாவி மனுஷா" என்று அழுதுகொண்டே எல்லா மணிகளுக்கும் முழுப் புள்ளி கொடுத்தாள். சுவர் அலறியது. கதவு திறந்தது. மூச்சு மட்டும் மிச்சமிருந்த அவனைத் தூக்கிவந்தார்கள்.

விரிசலுக்கு ஒட்டுப் போட்டார்கள். அது தாங்காது, சுரங்கத்தை மூடுங்கள் என்று பூங்கோதை பூமித் தலைமையகத்துக்கு எழுதினாள். "தவறான செய்தி" என்று பதில் வந்தது. படங்களோடு மறுபடி எழுதினாள். அதே பதில். மூன்றாவது கடிதத்துக்குப் பதிலே இல்லை. சகாயம் "நலம்" என்று ஒற்றைச் சொல் அனுப்பினார். உடனே பாராட்டு வந்தது.

உடம்பு தேறிய திருமாறன், மறுபடி வேலைக்குப் போகும் நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"போகாதீங்க. அந்த ஒட்டு நிக்காது."

"அதான் பூமியே நலம்னு சொல்லிடுச்சே கோதை."

அப்போது சுவர் கத்தியது: மூன்றாம் சுரங்கத்தில் காற்று கசிகிறது. திருமாறன் துலக்குவதை நிறுத்தாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல், இடது கையால் பொத்தானை அமுக்கினான்.